குளத்தின் ஆழத்தை வாய்க்காலில் அளக்கலாமா?

பிள்ளையின் நிறையை அறியத் தராசு உண்டு. உயரத்தை அறிய அளவுகோல் உண்டு. மேற்கையின் சுற்றளவை அளந்து மந்தபோசணையைக் கண்டுகொள்ள ஒரு நாடாத் துண்டே போதும். ஆனால் அதே பிள்ளையின் உடலில் விற்றமின் ஏ எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று கேட்டால் தராசும் நாடாவும் கைகொடுப்பதில்லை. பெரும்பாலும் சிறிதளவு குருதியை எடுத்துப் பார்த்துவிட்டு, "குறைவு" என்றோ "போதும்" என்றோ தீர்ப்புச் சொல்லப்படுகிறது. அந்தத் தீர்ப்பை நம்பித்தான் பல நாடுகளில் குளிசைகள் வழங்கப்படுகின்றன; சீனியிலும் எண்ணெயிலும் விற்றமின் சேர்க்கப்படுகிறது; வீட்டுத்தோட்டத் திட்டங்கள் பாராட்டப்படுகின்றன அல்லது கைவிடப்படுகின்றன.

இந்தத் தீர்ப்பு எவ்வளவுக்கு நம்பத்தக்கது என்பதைக் கிராமங்களில் வேலை செய்யும் நாம் கேட்டாக வேண்டும். குறைபாடுள்ள பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காமற் போனால் அது கண்ணையும் பறிக்கும், உயிரையும் பறிக்கும். போதியளவு உள்ள பிள்ளைக்கு மேலும் மேலும் ஊட்டினால் அதுவும் தீங்காகலாம். இந்த இருவரையும் பிரித்தறிவதற்கு இன்று ஒரு வழி இருக்கிறது. பெருந்திட்டங்களை வகுப்போர் அந்த வழியைப் பயன்படுத்த வேண்டும், நாமும் அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே எமது கருத்து.

குருதி சொல்லாத செய்தி

விற்றமின் ஏ இல்லாவிட்டால் கண்ணுக்கு என்ன நேரும் என்பதை எமது மூதாட்டிமாரே அறிந்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் தட்டுத் தடுமாறும் பிள்ளைக்கு மாலைக்கண் என்றார்கள். குறைபாடு முற்றினால் கண்ணின் வெண்பகுதி வறண்டு, கருவிழி மெலிந்து, பார்வையே போய்விடும். கண் கெடும் முன்னரே உடலின் எதிர்ப்புச் சக்தியும் தளர்கிறது. சின்னமுத்தும் வயிற்றோட்டமும் அத்தகைய பிள்ளைகளையே கடுமையாகத் தாக்குகின்றன.

நாம் உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் இந்தச் சத்தின் மிகுதியை உடல் வீணாக்குவதில்லை. நல்ல போசாக்குள்ள ஒருவரின் உடலிலுள்ள விற்றமின் ஏயில் 80 சதவீதமோ அதற்கு மேலோ ஈரலிலேயே சேமிக்கப்படுகிறது. தேவை வரும்போது ஈரல் அதை ரெற்றினோல் என்ற வடிவில் சிறுகச் சிறுகக் குருதிக்கு விடுகிறது.

குளத்து நீரை நம்பி வயல் செய்பவருக்கு இதை விளக்குவது இலகு. ஈரல் குளம். குருதி வாய்க்கால். குளத்தைப் பார்த்துக்கொள்பவர் துருசைக் கூட்டியும் குறைத்தும் வாய்க்காலில் எப்போதும் ஒரே அளவு நீர் போகும்படி செய்கிறார். குளம் வான் பாயும் அளவுக்கு நிறைந்திருந்தாலும் வாய்க்காலில் அதே நீர்தான். அரைக் குளமாக இருந்தாலும் அதே நீர்தான். குளம் அடிமட்டத்துக்கு வற்றிய பின்னரே வாய்க்கால் வற்றத் தொடங்கும். வாய்க்கால் ஓரத்தில் நின்றுகொண்டு குளத்தில் எத்தனை அடி நீர் என்று சொல்ல எந்தக் கமக்காரனாலும் முடியாது. ஆனால் குருதியை மாத்திரம் சோதித்துவிட்டு உடலின் சேமிப்பைப் பற்றிப் பேசுபவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

இதில் இன்னுமொரு சிக்கலும் உண்டு. காய்ச்சலோ வேறு தொற்றுநோயோ வந்தால், ஈரலில் போதிய சேமிப்பு இருக்கும்போதே குருதியிலுள்ள ரெற்றினோல் தாழ்ந்துவிடுகிறது. குளத்தில் நீர் இருக்க யாரோ துருசைப் பாதி மூடிவிட்டது போன்ற நிலை இது. சளியும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் அடிக்கடி வந்துபோகும் ஊர்களில் குருதிப் பரிசோதனை நடத்தினால், சத்துக் குறைந்த பிள்ளையும் நோயுற்றிருந்த பிள்ளையும் ஒரே பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோலின்படி, 100 மில்லிலீற்றர் குருதி நீர்ப்பகுதியில் 20 மைக்கிறோகிராமுக்குக் குறைவாக ரெற்றினோல் இருந்தால் அது குறைபாடு. ஓரிடத்தின் பிள்ளைகளில் 20 சதவீதமோ அதற்கு மேலோ இந்த நிலையில் இருந்தால் அது பாரதூரமான பொதுச் சுகாதாரப் பிரச்சினை. இந்த அளவுகோல் பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. வாய்க்கால் வற்றிவிட்டதை அது காட்டும். ஆனால் வற்றாத வாய்க்காலுக்குப் பின்னால் இருப்பது நிறைகுளமா, நாளை வற்றப்போகும் குளமா என்பதை அது காட்டாது.

அடையாளமிட்ட தானியம்

அப்படியாயின் ஈரலையே பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம். ஊசியால் ஈரலிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதித்தால் விடை திட்டமாகக் கிடைக்கும். ஆனால் சுகமாக விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் ஈரலில் கணக்கெடுப்புக்காக ஊசி ஏற்ற எந்த வைத்தியரும் துணியமாட்டார், துணியவும் கூடாது.

இங்கேதான் சமதானி முறை உதவுகிறது. அதன் கணக்கு ஒரு சாக்குப் பயறுக்குள் அடங்கிவிடும். சாக்கில் எத்தனை பயறு உண்டு என்று எண்ணாமலே அறிய வேண்டும். சிவப்புச் சாயமிட்ட 1,000 பயறை அதற்குள் கொட்டி நன்றாகக் கலக்கிவிடுகிறோம். பின்னர் ஒரு கைப்பிடி அள்ளி எண்ணுகிறோம். நூற்றுக்கு ஒன்று சிவப்பாக இருந்தால் சாக்கில் ஏறத்தாழ 1,00,000 பயறு இருக்கிறது. ஐம்பதுக்கு ஒன்று சிவப்பாக இருந்தால் 50,000 தான். சிவப்பு எவ்வளவுக்கு ஐதாகிறதோ அவ்வளவுக்குச் சாக்குப் பெரிது.

உடலில் செய்வதும் இதுவே. விற்றமின் ஏ மூலக்கூறில் காபனும் ஐதரசனும் உண்டு. சாதாரண ஐதரசனுக்குப் பதிலாகச் சில இடங்களில் அதன் பாரமான சமதானியாகிய தியூத்தீரியத்தை வைத்து, அல்லது சாதாரண காபனுக்குப் பதிலாகக் காபன்-13 ஐ வைத்து, அடையாளமிட்ட விற்றமினைத் தயாரிக்கிறார்கள். நான்கு பார ஐதரசன் சேர்ந்தால் 286 ஆக இருந்த ரெற்றினோலின் மூலக்கூற்று நிறை 290 ஆகிறது. உடல் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது. ஆனால் ஆய்வுகூடத்தில் உள்ள திணிவு நிறமாலைமானி அவற்றைப் பிரித்து எண்ணிவிடும்.

பிள்ளைக்கு இந்த அடையாளமிட்ட விற்றமினில் மிகச் சிறிய அளவொன்றை எண்ணெயில் கலந்து வாயால் கொடுக்கிறார்கள். அது ஈரலிலுள்ள பழைய சேமிப்போடு நன்றாகக் கலப்பதற்கு இரண்டு மூன்று வாரங்கள் விடுகிறார்கள். பின்னர் சிறிது குருதி எடுத்து, அடையாளமிட்டது எத்தனை, அடையாளமில்லாதது எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். கொடுத்ததில் ஒரு பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் போயிருக்கும். இடைப்பட்ட நாட்களில் ஒரு பகுதி செலவாகியிருக்கும். இவற்றுக்குரிய கழிவுகளைச் செய்த பின் வரும் தொகையே உடலின் மொத்தச் சேமிப்பு. இங்கும் குருதிதான் எடுக்கப்படுகிறது. ஆனால் இம்முறை நாம் வாய்க்காலின் நீர்மட்டத்தைப் பார்க்கவில்லை. குளத்தில் கலந்த சாயம் வாய்க்காலில் எவ்வளவுக்கு ஐதாகி வருகிறது என்று பார்க்கிறோம்.

"சமதானி" என்றதும் அணுக்குண்டும் கதிர்வீச்சும் பலரின் நினைவுக்கு வரும். அந்தப் பயம் இங்கே வேண்டியதில்லை. எல்லாச் சமதானிகளும் கதிர்வீச்சை வெளிவிடுவன அல்ல. தியூத்தீரியமும் காபன்-13 உம் உறுதியான சமதானிகள்; எந்தக் கதிரையும் வெளிவிடாதவை. நாம் குடிக்கும் நீரிலும் சிறிது தியூத்தீரியம் இயற்கையாகவே உண்டு. நாம் உண்ணும் சோற்றிலும் கறியிலும் உள்ள காபனில் நூற்றுக்கு ஒன்று காபன்-13 தான். அதனாலேயே சிறு பிள்ளைகளுக்கும் இதைப் பயன்படுத்த முடிகிறது.

இந்தக் கணக்கு உண்மையான ஈரலோடு ஒத்துப்போகிறதா என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. வேறு காரணத்துக்காக வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொள்ள வந்தவர்களிடம் முன்னதாகவே அடையாளமிட்ட விற்றமினைக் கொடுத்து, சிகிச்சையின்போது ஈரலில் ஒரு சிறு துண்டையும் எடுத்து ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒப்பீடு 1989இல் வெளியாயிற்று. பங்களாதேஷின் டாக்கா நகரில் 31 ஏழை நோயாளரிடம் செய்யப்பட்டது 1997இல் வெளியாயிற்று. இரண்டிலும் கணக்கும் ஈரலும் பெருமளவுக்கு ஒத்துப்போயின. ஆனால் அந்த ஆய்வாளர்கள் சொன்ன எச்சரிக்கையையும் நாம் மறக்கக்கூடாது. ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்வதற்கு இம்முறை நல்லது. தனியொருவருக்கு அது தரும் எண் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆகவே இது ஒவ்வொரு பிள்ளைக்கும் கிளினிக்கில் செய்யவேண்டிய பரிசோதனை அல்ல. ஒரு பிரதேசத்தின் நிலையை, ஒரு திட்டத்தின் பயனை அளந்து பார்ப்பதற்கான கருவி.

கீரைக்குக் கிடைத்த நீதி

இந்தக் கருவியால் கிராமத்துக்கு என்ன பயன்? முதலில் வீட்டுத்தோட்டத்தைப் பற்றிப் பேசுவோம். எம்மில் பலர் பல ஆண்டுகளாக அதற்காக உழைத்தவர்கள்.

1995ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு வெளியாகிப் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. பாலூட்டும் தாய்மாருக்குக் கரும்பச்சைக் கீரைகளைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் விற்றமின் ஏ நிலையில் முன்னேற்றம் காணப்படவில்லை. கீரையிலும் பழத்திலும் இருப்பது நேரடியான விற்றமின் ஏ அல்ல, பீற்றா கரோற்றின் போன்ற முன்னோடிப் பொருள்களே. உடல்தான் அவற்றை விற்றமினாக மாற்ற வேண்டும் என்பது முன்னரே தெரிந்த விடயம். ஆனால் அந்த மாற்றம் நாம் எண்ணியதை விட மிகக் குறைவாகவே நடக்கிறது என்பது புதிய செய்தி. கீரைப் பாத்திகளை நம்பிப் பயனில்லை, குளிசையே வழி என்று சிலர் சொல்லத் தொடங்கினார்கள்.

அதன் பின்னர் சேமிப்பையே அளந்து பார்த்த ஆய்வுகள் வந்தன. சீனாவில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் பத்து வாரங்கள் செய்யப்பட்ட ஆய்வு 1999இல் வெளியாயிற்று. ஒரு பகுதிப் பிள்ளைகள் பச்சை, மஞ்சள் நிறக் காய்கறிகளை உண்டார்கள். மறு பகுதியினர் அங்கு வழமையான வெளிர்நிறக் காய்கறிகளை உண்டார்கள். பச்சை, மஞ்சள் உண்ட பிள்ளைகளின் சேமிப்பு குறையாமல் நின்றது. மற்றவர்களின் சேமிப்பு கரைந்தது. சேமிப்பு கரையும் காலத்தில் அதைத் தாங்கிப் பிடித்ததும் ஒரு பயன்தான். வாய்க்காலை மாத்திரம் பார்த்திருந்தால் அந்தப் பயன் கண்ணிலேயே பட்டிராது.

பங்களாதேஷில் நடந்த ஆய்வு எமக்கு இன்னும் நெருக்கமானது. 2004இல் வெளியான அந்த ஆய்வில் ஒவ்வொரு குழுவிலும் 14 ஆண்கள் இருந்தார்கள். 60 நாட்களுக்கு ஒரு குழுவினர் நாள்தோறும் பசளிக்கீரையை உண்டார்கள். இன்னொரு குழுவினர் செம்மஞ்சள் நிற வற்றாளைக் கிழங்கை உண்டார்கள். வேறு குழுவினருக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் தியூத்தீரிய முறையால் உடலின் மொத்தச் சேமிப்பை அளந்தார்கள். பசளியும் வற்றாளையும் சேமிப்பைக் கூட்டின. பசளியிலுள்ள பீற்றா கரோற்றினில் ஏறத்தாழ 10 பங்கு ஒரு பங்கு விற்றமின் ஏக்குச் சமமாயிற்று. வற்றாளையில் ஏறத்தாழ 13 பங்கு வேண்டியிருந்தது.

எமது வேலியிலும் கிணற்றடியிலும் படர்கின்ற அதே பசளிதான் இது. பழைய போசாக்குப் புத்தகங்கள் ஆறு பங்குக்கு ஒரு பங்கு என்று கணக்குப் போட்டன. 2001இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் அதை 12க்கு ஒன்று என்று திருத்தியது. சீனாவின் ஆய்வில் இதைவிடவும் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆகவே இரு தரப்பினரும் கற்றுக்கொள்ளப் பாடம் உண்டு. கீரையால் பயனில்லை என்றவர்கள் தவறினார்கள். ஒரு பிடி கீரையே போதும் என்று தாய்மாருக்குச் சொல்லிவந்தவர்களும் கணக்கைச் சற்று மிகைப்படுத்திவிட்டார்கள். அளவைக் கூட்ட வேண்டும். ஒன்றிரண்டு நாள் அல்ல, தொடர்ந்து உண்ண வேண்டும். சிறிது எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்க்க வேண்டும், ஏனெனில் கொழுப்பில்லாமல் இந்தச் சத்து உடலில் சேராது. இயலுமான வீடுகளில் முட்டையோ மீனோ இடைக்கிடை சேர்ந்தால் மேலும் நல்லது.

நிறைந்த குளத்துக்கு மேலும் நீர்

இரண்டாவது பாடம் ஆபிரிக்காவின் சாம்பியாவிலிருந்து வருகிறது. அந்த நாட்டில் 1998 முதல் சீனியில் விற்றமின் ஏ சேர்க்கப்பட்டது. சிறு பிள்ளைகளுக்கு உயர்செறிவுக் குளிசையும் வழங்கப்பட்டது. அதற்கு மேலாக, செம்மஞ்சள் நிறச் சோளத்தை இனவிருத்தி செய்து, அதனால் பிள்ளைகள் பயனடைகிறார்களா என்று ஆராய்ந்தார்கள். சுமார் 140 பிள்ளைகள் பங்குபற்றிய அந்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. காபன்-13 முறையால் சேமிப்பை அளந்தபோது ஆய்வாளர்களே எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. அந்தப் பிள்ளைகளில் 59 சதவீதமானோர் ஆய்வு தொடங்கும்போதே மிதமிஞ்சிய சேமிப்போடு இருந்தார்கள்.

ஒரு கிராம் ஈரலில் சுமார் 29 மைக்கிறோகிராமுக்குக் குறைவாக இருந்தால் அது குறைபாடு என்றும், சுமார் 286 மைக்கிறோகிராமைத் தாண்டினால் அது மிகை என்றும் அறிவியலாளர் கொள்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் இரண்டாவது எல்லையைத் தாண்டியிருந்தார்கள். மாம்பழக் காலம் வந்தபோது சில பிள்ளைகளின் தோல் மஞ்சளாகவே மாறியது. மாம்பழத்தில் நஞ்சில்லை. உடலில் ஏற்கெனவே போதியளவு இருந்தால், உண்ணும் கரோற்றினை உடல் விற்றமினாக மாற்றுவதைக் குறைத்துக்கொள்கிறது. எஞ்சிய கரோற்றின் தோலில் தங்கிவிடுகிறது. "இனி வேண்டாம்" என்று உடலே சொன்ன சொல் அது.

இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கீரையும் பழமும் தரும் கரோற்றினுக்கு உடலில் ஒரு கதவு உண்டு. போதுமென்றால் அது தானாகவே ஒருக்களித்துக்கொள்ளும். குளிசையிலும் செறிவூட்டிய சீனியிலும் வரும் ஆயத்த விற்றமின் ஏக்கு அப்படியொரு கதவு இல்லை. வந்தது எல்லாம் ஈரலில் சேரும். நீண்டகாலம் மிதமிஞ்சினால் ஈரலும் எலும்பும் பாதிக்கப்படலாம். கருவுற்ற ஆரம்ப மாதங்களில் தாய் அளவுக்கு மிஞ்சி உட்கொண்டால் சிசுவின் உருவத்திலேயே ஊனம் ஏற்படலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கப்படும் இரண்டு இலட்சம் அலகு கொண்ட ஒரு குளிசையில் 60 மில்லிகிராம் விற்றமின் ஏ உண்டு. நாளொன்றுக்கு 400 மைக்கிறோகிராம் என்று கணக்கிட்டால் அது ஐந்து மாதத் தேவை. வெறுமையாக இருக்கும் ஈரலுக்கு அது உயிர்ப்பிச்சை. ஏற்கெனவே நிரம்பிய ஈரலுக்கு அது வேண்டாத சுமை.

ஒரு நிறுவனம் குளிசை கொடுக்கிறது. இன்னொன்று எண்ணெயில் சேர்க்கிறது. வேறொன்று சத்துமாவில் சேர்க்கிறது. ஒவ்வொருவரும் நல்ல நோக்கத்தோடேயே தம் பங்கைச் செய்கிறார்கள். ஆனால் எல்லாம் ஒரே பிள்ளையின் ஒரே ஈரலில் போய்ச் சேர்கின்றன என்பதை யார் கூட்டிப் பார்க்கிறார்கள்? சாம்பியாவில் அதைக் கூட்டிப் பார்த்தது அடையாளமிட்ட சிறு துளி விற்றமின்தான்.

எதிர்வாதங்கள்

"பிள்ளைகள் சாகும்போது அளந்துகொண்டிருப்பதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நாம் மதிக்கிறோம். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் 450 கிராமங்களில் செய்யப்பட்ட ஆய்வு 1986இல் வெளியானபோது, குளிசை வழங்கப்பட்ட கிராமங்களில் சிறுபிள்ளைகளின் மரணம் சுமார் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1993இல் செய்யப்பட்ட கணிப்பும் ஏறத்தாழ 23 சதவீதக் குறைவைக் காட்டியது. குளிசை எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. மாலைக்கண் உள்ள பிள்ளைக்கும் சின்னமுத்து கண்ட பிள்ளைக்கும் எந்த அளவீட்டுக்காகவும் காத்திருக்காமல் உடனே மருந்து கொடுக்க வேண்டும். கிளினிக்கில் தாதியோ குடும்ப நல உத்தியோகத்தரோ கொடுக்கும் மருந்தைத் தாய்மார் மறுக்கவும் கூடாது. நாம் கேட்பது மருந்தை நிறுத்தும்படி அல்ல. திட்டம் தொடங்கும்போதும் சில ஆண்டுகள் கழித்தும், புதியதொரு திட்டத்தை அதன்மேல் ஏற்றும் முன்பும், சேமிப்பை அளந்து பார்க்கும்படியே கேட்கிறோம்.

ஏனெனில் ஒரு காலத்துக்குப் பொருந்தியது எக்காலத்துக்கும் பொருந்துவதில்லை. வட இந்தியாவில் சுமார் பத்து இலட்சம் பிள்ளைகளிடையே செய்யப்பட்டு 2013இல் வெளியான பாரிய ஆய்வில், குளிசையால் மரணம் குறைந்த அளவு மிகச் சிறியதாகவே இருந்தது. தடுப்பூசி பரவிய பின்னர், சின்னமுத்து குறைந்த பின்னர், உணவு சற்று மாறிய பின்னர், 1986இன் விடை அப்படியே நிற்குமா என்பது நியாயமான கேள்வி. இடத்துக்கிடம் விடை மாறலாம். அதை அளக்காமல் வாதிட்டுக்கொண்டிருப்பதால் யாருக்கும் பயனில்லை.

"இது செலவு கூடியது, கருவி எங்கே?" என்பது அடுத்த வாதம். அடையாளமிட்ட விற்றமின் விலை கூடியதுதான். திணிவு நிறமாலைமானியும் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. ஆனால் கூட்டத்தின் சராசரியை அறியச் சில பத்துப் பிள்ளைகள் போதும் என்பதைப் பங்களாதேஷும் சாம்பியாவும் காட்டிவிட்டன. கருவி அந்தக் கிராமத்திலோ அந்த நாட்டிலோ இருக்க வேண்டியதும் இல்லை. சாம்பியப் பிள்ளைகளின் குருதி மாதிரிகள் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலே ஆராயப்பட்டன. வளர்முக நாடுகள் உறுதியான சமதானிகளைக் கொண்டு போசாக்கை ஆராய்வதற்குச் சர்வதேச அணுசக்தி முகவரகமும் உதவி வருகிறது. இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்காக ஒன்றைக் கொடுக்கப் பணம் இருக்குமானால், அது தேவையா, போதுமா, மிகையா என்று நூறு பிள்ளைகளிடம் அளந்து பார்க்கவும் பணம் இருக்க வேண்டும்.

மூன்றாவது ஒன்று உண்டு. இதை எதிர்வாதமாக அல்ல, எமது சொந்த நிபந்தனையாகவே வைக்கிறோம். அளக்கப்படுவது ஏழைகளின் பிள்ளைகள். 2008இல் சீனாவின் ஹுனான் மாகாணத்தில், மரபணு மாற்றம் செய்யப்பட்ட பொன்னரிசியைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சமதானி முறையால் ஆராய்ந்தார்கள். முடிவு 2012இல் வெளியானபோது, அந்த அரிசி மரபணு மாற்றியது என்பது பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்ற உண்மையும் வெளிவந்தது. சம்பந்தப்பட்ட சீன அதிகாரிகள் பதவி நீக்கப்பட்டார்கள். கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகை 2015இல் அதை மீளப் பெற்றுக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் பெற்றோரின் நம்பிக்கைக்குத் தீங்கு நேர்ந்தது. அளவுகோல் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அதை ஏந்தி வருபவர் உண்மையை மறைத்தால் அந்த வேலை கெட்டுவிடும். என்ன கொடுக்கிறீர்கள், ஏன் கொடுக்கிறீர்கள், எத்தனை முறை குருதி எடுப்பீர்கள், முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா என்று தாய் கேட்க வேண்டும். அவளுக்கு விளங்கும் மொழியில் பதில் கிடைக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை இருக்க வேண்டும்.

நாம் கேட்கவேண்டியது

எமது நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1995-96இல் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் குருதிப் பரிசோதனை மூலம் நடத்திய ஆய்வில், பாலர் வயதுப் பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினருக்கும் சற்றுக் கூடுதலானோரிடம் விற்றமின் ஏ குறைவாகக் காணப்பட்டது. 2006இல் நடந்த ஆய்வில் அது சுமார் 29 சதவீதம். உலக அளவுகோலின்படி இரண்டுமே பாரதூரமான நிலை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரின் ஈரல் உண்மையில் வெறுமையாக இருந்தது? எத்தனை பேர் அந்த வாரம் காய்ச்சலில் இருந்தார்கள்? போதும் என்று கணக்கிடப்பட்ட மற்றவர்களுள் எத்தனை பேரின் குளம் அடிமட்டத்தில் இருந்தது? வாய்க்காலை அளந்த கணக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் தராது.

ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் மாதர் சங்கங்களிலும் போசாக்குத் திட்டங்களிலும் ஈடுபட்டிருப்போர் சில கேள்விகளைத் தயங்காமல் எழுப்ப வேண்டும். எமது ஊருக்கு ஒரு சத்துணவுத் திட்டம் வரும்போது, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வேறு எந்த வழிகளில் விற்றமின் ஏ கிடைக்கிறது என்று கூட்டிப் பார்த்தீர்களா என்று கேட்போம். திட்டம் முடிந்து பயன் உண்டு அல்லது இல்லை என்று அறிக்கை வரும்போது, எதை அளந்தீர்கள், குருதியையா சேமிப்பையா என்று கேட்போம். குருதியை அளந்தோம் என்றால், அந்த நாட்களில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருந்ததா என்று பார்த்தீர்களா என்றும் கேட்போம். வீட்டுத்தோட்டத்தைத் தள்ளிவிடும் முடிவு வந்தால், சேமிப்பை அளந்து காட்டும்வரை அதை ஏற்க மாட்டோம் என்று சொல்வோம்.

அதுவரை எமது கைக்கெட்டிய வேலையை நாம் விடவேண்டியதில்லை. கிணற்றடியில் பசளி, வேலியில் முருங்கை, ஈரமான மூலையில் வல்லாரையும் பொன்னாங்காணியும், ஒரு பப்பாசி, இடமிருந்தால் ஒரு கறுத்தக்கொழும்பான். வற்றாளை நடுபவர்கள் செம்மஞ்சள் நிறச் சதையுள்ள இனத்தைத் தேடி நடவேண்டும். வெள்ளை வற்றாளையில் இந்தச் சத்து மிகக் குறைவு. கீரையைப் பாலூட்டும் தாய்க்கும் சிறு பிள்ளைக்கும் முதலில் பரிமாற வேண்டும். பிள்ளையின் கிளினிக் அட்டையைக் கவனமாக வைத்திருந்து, எப்போது எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மருந்தை இரண்டு இடங்களில் வாங்கிக் கொடுக்கக்கூடாது. கடையில் விற்கும் விற்றமின் போத்தலை வைத்தியரைக் கேளாமல் அதற்கு மேல் ஊட்டவும் கூடாது.

மாரி முடிந்ததும் குளத்தில் எத்தனை அடி நீர் என்று அளந்த பின்னரே எத்தனை ஏக்கர் சிறுபோகம் செய்வதென்று கமக்காரர் கூடித் தீர்மானிக்கிறார்கள். நீரை அளக்காமல் விதைப்பவரை ஊர் மன்னிக்காது. பிள்ளைகளின் விடயத்திலும் அந்த ஒழுங்கையே நாம் வேண்டி நிற்கிறோம்.